வள்ளமா, விசைப்படகா? மடிக்கணினி வாங்கும் முன் சார்ஜரைப் படியுங்கள்

மார்த்தாண்டத்தில் பழக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் மின்தராசில் என் அக்கா மகளின் கல்லூரிப் பையைப் பிரித்து நிறுத்துப் பார்த்தோம். முதலில் மடிக்கணினி மட்டும்: 2 கிலோ 380 கிராம். அடுத்து சார்ஜர், சுருட்டி வைத்த தடித்த கம்பியோடு: 710 கிராம். பக்கத்தில் கிடந்த ஏத்தங்காய்ச் சீப்பு ஒன்றைக் கடைக்காரர் விளையாட்டாகத் தூக்கி வைத்தார்; அதுகூட மூன்று கிலோவைத் தொடவில்லை. “இதைத் தூக்கிக்கொண்டா தினமும் பஸ்ஸில் நிற்கிறாய், மக்களே?” என்று கேட்டார். அவள் சிரித்தாள். இப்போதெல்லாம் கொண்டுபோவதில்லை, இரண்டு மாதமாக வீட்டு மேசையில்தான் கிடக்கிறது என்றாள்.

அவள் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறாள். மார்த்தாண்டத்தில் இருந்து தக்கலை வழியாக, நாகர்கோவில் பக்கம் இருக்கும் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வருகிறாள். காலையில் உட்கார இடம் கிடைப்பது பாதி நாள்தான். வாங்கும்போது எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: பலமானதாகப் பார்த்து வாங்கு, நான்கு வருடம் தாங்கும். நானும் அங்கே நின்று தலையாட்டினேன். எடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடையில் மேசைமேல் திறந்து வைத்திருக்கும் கணினிக்கு எடை ஏது? அன்று ஆட்டிய தலைக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

குளச்சல் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வள்ளம் திரும்பி வந்தால் நாலைந்து பேர் சேர்ந்து மணலில் ஏற்றிவிடுவார்கள். எந்தக் கரையிலும் ஒதுங்கும். விசைப்படகு அப்படி ஒதுங்காது. சின்னமுட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ இருப்பதுபோல அதற்கென்று துறைமுகம் வேண்டும். ஆனால் பல நாள் கடலில் தங்கி, டன் கணக்கில் மீன் கொண்டுவர வள்ளத்தால் முடியாது. இரண்டில் எது நல்லது என்று எந்த மீனவரும் கேட்கமாட்டார். எங்கே போகிறாய், எத்தனை நாள், எங்கே கரை ஏற்றுவாய் என்றுதான் கேட்பார். மடிக்கணினியிலும் இதே கதைதான். பலமான மடிக்கணினிக்கும் ஒரு துறைமுகம் உண்டு. சுவரில் இருக்கும் பிளக்தான் அது.

சரி, பலமானது ஏன் கனமாக இருக்கிறது? பலர் நினைப்பதுபோல உள்ளே நிறைய சிப்புகள் அடைத்திருப்பதால் அல்ல. சிப்பின் எடை சில கிராம்தான். எடையெல்லாம் சூட்டுக்குக் கொடுக்கும் விலை.

கணினிக்குள் போகும் மின்சாரம் கணக்குப் போட்டு முடித்ததும் சூடாகத்தான் வெளியே வருகிறது. பழைய குண்டு பல்புகளில் 40 வாட், 60 வாட் என்று எழுதியிருந்தது நினைவிருக்கும். எரியும் 40 வாட் பல்பைத் தெரியாமல் தொட்டவர்கள் இரண்டாம் தடவை தொட்டதில்லை. பலமான மடிக்கணினியின் பிராசஸர், அதாவது கணக்குப் போடும் முக்கியச் சிப்பு, அந்த அளவுக்குச் சூட்டைக் கக்குகிறது. திரையில் படங்களை வரையும் கிராபிக்ஸ் சிப்பும் சேர்ந்து முழு மூச்சாக ஓடினால் 100 வாட்டையும் தாண்டும். இவ்வளவு சூட்டையும் இரண்டு விரல் தடிமன் உள்ள பெட்டிக்குள் இருந்து வெளியே தள்ளவேண்டும். அதற்குச் செம்புக் குழாய்கள், உலோகத் தகடுகளை அடுக்கிய சல்லடை, இரண்டு மின்விசிறிகள், காற்றுப் போகத் திறப்புகள், இவற்றைத் தாங்கக் கெட்டியான உடல், இத்தனைக்கும் தீனி போடப் பெரிய பேட்டரி, பேட்டரிக்குத் தீனி போடப் பெரிய சார்ஜர். ஒன்றை இழுத்தால் எல்லாம் வரிசையாக வந்து சேர்கிறது. எடை குறைந்த கணினியில் பெரும்பாலும் ஒரு மின்விசிறிதான் இருக்கும். ஆப்பிளின் மேக்புக் ஏர் எம்1, எம்2 மாதிரிகளில் அந்த ஒன்றும் கிடையாது. 13 அங்குல எம்2 மாதிரியின் எடை 1.24 கிலோ.

அப்படியென்றால் 45 வாட் பிராசஸர் 15 வாட் பிராசஸரைவிட மூன்று மடங்கு வேகமா? இல்லை. இதை விளக்கக் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலுக்குப் போகவேண்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் காற்றாலைகளை ஒட்டி ஒரு கணக்கு உண்டு. காற்றின் வேகம் இரு மடங்கானால் காற்றில் கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும் (2×2×2), வேகத்தின் மும்மடி. அதனால்தான் நல்ல காற்று வீசும் அந்தக் கணவாயைத் தேடி வந்து நட்டிருக்கிறார்கள். பிராசஸருக்குள் இதே மும்மடிக் கணக்கு தலைகீழாக வேலை செய்கிறது. அங்கே மும்மடியாகக் கிடைத்தது, இங்கே மும்மடியாகச் செலவாகிறது. சிப்பின் துடிப்பு வேகத்தைக் கூட்டினால், தடுமாறாமல் இருக்க மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டி வருகிறது. மின்செலவோ வேகத்தோடும் ஏறுகிறது, அழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. இரண்டையும் 20 சதவீதம் கூட்டினால் 1.2ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 1.73 வருகிறது. வேகம் 20 சதவீதம் கூட, செலவு 70 சதவீதத்துக்கும் மேல் கூடிவிட்டது. பலமான கணினியின் கடைசிச் சொட்டு வேகத்துக்குத்தான் அதிகச் சூடு, அதிக எடை, அதிகப் பணம் எல்லாம் போகின்றன. இந்த ஒன்று புரிந்துவிட்டால் விளம்பரங்களைப் படிப்பதே வேறுமாதிரி ஆகிவிடும்.

பிராசஸர்களின் பெயர்களில் ஒரு மயக்கம் இருக்கிறது. அதைச் சொல்லியே ஆகவேண்டும். கடையில் ஐ5, ஐ7 என்று கேட்டதும் நாம் 7 பெரியது என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த எண்ணைவிட வால் எழுத்துதான் முக்கியம். இன்டெலின் 13ஆம் தலைமுறையில் ஐ7-1355யூ என்று ஒன்று உண்டு; ஐ5-13500எச் என்று ஒன்று உண்டு. யூ என்று முடிவதற்கு அடிப்படை 15 வாட். உள்ளே கோர் எனப்படும் கணக்குப் போடும் அலகுகளில் வேகக் கோர் இரண்டு, சிக்கனக் கோர் எட்டு. எச் என்று முடிவதற்கு அடிப்படை 45 வாட். வேகக் கோர் நான்கு, சிக்கனக் கோர் எட்டு. நீண்ட நேரம் உழைக்கும் வேலையில் அந்த ஐ5 இந்த ஐ7ஐ எளிதாகத் தாண்டிவிடும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் சிப்புகளிலும் யூ சிக்கனத்துக்கு, எச்எஸ், எச்எக்ஸ் பலத்துக்கு என்று போகிறது.

ஆனால் கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. காரணம், 15 வாட் என்று சொல்லப்படும் சிப்புகூட சிறிது நேரத்துக்கு 55 வாட் வரை பாய்ந்து ஓட அனுமதி உண்டு. நம் அன்றாட வேலை பெரும்பாலும் இப்படிப்பட்ட குட்டிப் பாய்ச்சல்கள்தான்: ஒரு பக்கத்தைத் திறப்பது, ஒரு கோப்பைச் சேமிப்பது, எக்செல்லில் ஒரு கணக்கைப் போடுவது. பாய்ந்துவிட்டு ஓய்ந்துவிடும். சூடு சேர நேரமே இல்லை. ஆகவே எழுதுவது, படிப்பது, வீடியோ பார்ப்பது, டேலியில் கணக்கு எழுதுவது, இணைய வகுப்பு எடுப்பது ஆகியவற்றுக்குப் பலமான கணினி வாங்கினால் அந்தப் பலம் தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

தூங்காத வேலை எப்படி இருக்கும் என்று தக்கலையில் பார்த்தேன். திருமண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர், சுமக்க எளிதாக இருக்கும் என்று 1.3 கிலோ மடிக்கணினி ஒன்றை வாங்கியிருந்தார். மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவைத் தொகுத்து முடித்து, கடைசிக் கோப்பாக மாற்றும் பொத்தானை அழுத்தினார். மீதி நேரம் 50 நிமிடம் என்று திரை காட்டியது. சிப்பின் வேகத்தைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தொடக்கத்தில் வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். மின்விசிறி சத்தம் மெல்ல ஏறியது. விசைப்பலகையின் மேல்வரிசை, எண்கள் இருக்கும் இடம், கை வைக்க முடியாத அளவு சுட்டது. ஐந்தாவது நிமிடத்தில் 2.7. பத்தாவது நிமிடத்தில் 2.1. அங்கேயே நின்றுவிட்டது. மீதி நேரம் என்று காட்டிய கணக்கு குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டிருந்தது. நண்பர் பழக்கப்பட்டவர்போல எழுந்துபோய் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துவைத்து, கணினியை அதன்மேல் தூக்கிவைத்து, மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினார். 2.3 ஆனது.

இதைத்தான் தெர்மல் த்ராட்டிலிங் என்கிறார்கள். சிப்பு கருகிவிடக் கூடாது என்று கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது. பழுது ஒன்றும் இல்லை; கட்டியவர்கள் நினைத்தபடிதான் நடக்கிறது. சூட்டை வெளியே தள்ளும் திறன் எவ்வளவோ அவ்வளவுதான் நீண்டநேர வேகம். பிராசஸரின் பெயர் என்ன ஆனாலும் இந்த எல்லையைத் தாண்டமுடியாது.

கடையில் நிற்கும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பது? என் வழி ஒன்று உண்டு: சார்ஜரைக் கையில் வாங்கிப் படியுங்கள். அதன் முதுகில் பொடி எழுத்தில் அவுட்புட் என்று ஒரு வரி இருக்கும். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்குங்கள்: 65 வாட். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட். 65 வாட் சார்ஜரோடு வரும் கணினி, மேலே என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், நெடுநேரம் 100 வாட் வேலையைச் செய்யப்போவதில்லை. 230 வாட் சார்ஜர் உங்கள் பையில் அரைக் கிலோவுக்கு மேல் இடம்பிடிக்கும், அதையும் நீங்கள்தான் சுமக்கவேண்டும். விளம்பரத்தில் போடும் எடையில் சார்ஜர் சேர்வதில்லை. இன்னொரு வசதி: 65 வாட் கணினிகளில் பல இப்போது டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகின்றன, வீட்டில் கைபேசிக்கு இருக்கும் நல்ல சார்ஜரே அவசரத்துக்கு உதவும்.

கிராபிக்ஸ் கார்டிலும் வாட்டைக் கேட்டே வாங்குங்கள். மடிக்கணினிகளுக்கான என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு ஒரே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை பல அளவுகளில் ஓடும்படி வருகிறது. எவ்வளவு என்பதைக் கணினி செய்யும் நிறுவனம் முடிவு செய்கிறது. மெல்லிய உடலில் அதே பெயரைப் பார்த்து மயங்குபவர்கள் அதிகம். பெயர் ஒன்றுதான், பலம் ஒன்றல்ல.

பேட்டரிக் கணக்கு எளிது. பேட்டரியின் கொள்ளளவு வாட் அவர் என்று எழுதியிருக்கும். எடை குறைந்த கணினியில் 50 இருக்கிறது, எழுதும்போது ஏறக்குறைய 7 வாட் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஏழு மணி நேரம் வரும். பலமானதில் 80 இருக்கலாம். சும்மா இருக்கும்போதே 15 முதல் 20 வாட் குடிக்கும், முழு வேலை கொடுத்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் பெரிது. அதைவிட ஒன்று: பிளக்கைப் பிடுங்கியதும் பலமான கணினி தன் பலத்தில் பெரும்பங்கை விட்டுவிடுகிறது, ஏனென்றால் அவ்வளவு வாட்டைப் பேட்டரியால் ஒரே நேரத்தில் தரமுடியாது. நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்கு பாசஞ்சர் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன். இரணியலில் ஏறுகிறவர்களும் குழித்துறையில் ஏறுகிறவர்களும் மடியில் திறந்து வைத்திருப்பது அநேகமாக எல்லாமே மெல்லிய கணினிகள்தான். முன்பதிவு இல்லாத பெட்டியில் பிளக்கை நம்பி யாரும் ஏறுவதில்லை.

பெரிய பேட்டரிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. விமானத்தில் சிறப்பு அனுமதி கேட்காமல் கையில் கொண்டுபோகக்கூடிய எல்லை 100 வாட் அவர். எவ்வளவு பெரிய மடிக்கணினி என்றாலும் பேட்டரி 99இல் நின்றுவிடுவதன் ரகசியம் அதுதான். வளைகுடாவில் இருந்து மச்சானோ சித்தப்பாவோ கொண்டுவரும் கணினி என்றால், விசைப்பலகையில் அரபு எழுத்து இருப்பதைவிட, வாரண்டி இங்கே செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது யாருக்கு எது? நிரல் எழுதக் கற்கும் மாணவருக்குப் பலமான கிராபிக்ஸ் தேவையே இல்லை. கைபேசிச் செயலி எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ கேட்பது ராம், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம். 16 ஜிபி இல்லாமல் வாங்கவேண்டாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: மெல்லிய கணினிகள் பலவற்றில் ராமைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள், பின்னால் கூட்ட முடியாது. பலமான கணினிகளில் பெரும்பாலும் கழற்றி மாட்டும் இரண்டு துளைகள் இருக்கும். எனவே எடை குறைந்ததை வாங்குகிறவர்தான் முதல்நாளே ராமைத் தாராளமாக வாங்கவேண்டும். செயற்கை நுண்ணறிவு படிக்கிறேன், என்விடியா கார்டு இல்லாமல் முடியாது என்று சொல்லும் பிள்ளைகளுக்கு: கூகுள் கோலாப் போன்ற சேவைகளில் தொலைவில் இருக்கும் கிராபிக்ஸ் சிப்பை இலவசமாகவே ஓரளவு பயன்படுத்தலாம், கற்கும் காலத்துக்கு அது போதும். வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கும் கனமான வேலை தொலைவிலுள்ள சர்வரில்தான் நடக்கிறது; கையில் இருப்பது வெறும் ஜன்னல்.

பலம் உண்மையிலேயே வேண்டியவர்கள் என்று நான் நினைப்பது வீடியோ தொகுப்பவர்கள், முப்பரிமாண மாதிரி செய்பவர்கள், ரெவிட் என்ற கட்டட மாதிரி மென்பொருளின் பெரிய கோப்புகளோடு மல்லாடும் கட்டட வரைவாளர்கள், விளையாட்டுப் பிரியர்கள். அவர்களுக்கும் ஒரு கேள்வி: அதை வாரத்தில் எத்தனை நாள் வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் போவீர்கள்? ஒரு நாளும் இல்லை என்றால் மடிக்கணினியே எதற்கு? அதே பணத்துக்கு மேசைக் கணினி இன்னும் வேகமாக ஓடும், சத்தம் குறையும், கெட்ட பாகத்தை மட்டும் மாற்றலாம். மடியில் வைக்காத மடிக்கணினி நம் ஊரில் நிறைய வீடுகளில் இருக்கிறது. 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற கணினி ஏறக்குறைய 11 கிலோ, பேட்டரி கிடையாது, அதையும் எடுத்துச் செல்லும் கணினி என்றுதான் விற்றார்கள்.

நடுவழி என்று ஒன்று உண்டு. 14 அங்குலத் திரை, 1.5 கிலோவைச் சுற்றிய எடை, எச் அல்லது எச்எஸ் வகை பிராசஸர், தனி கிராபிக்ஸ் இல்லை. இவை கல்யாண வீடியோவை 1.3 கிலோ கணினியைவிட நன்றாகச் சமாளிக்கும், பஸ்ஸிலும் தோளை அறுக்காது. எதிலும் முதலிடம் வராது. எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்த வகைதான் பிடிக்கும்.

கடலோரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டம், குளச்சல் பக்கம் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதே உப்புக் காற்றைத்தான் கணினியின் மின்விசிறி நாள் முழுவதும் உள்ளே இழுக்கிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு, ஈரமும் குறைவில்லை. ஈரத்தோடு தூசு சேர்ந்து அந்த உலோகச் சல்லடையில் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். சூடு வெளியேற வழியில்லாமல் வாங்கிய பலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இரண்டு மின்விசிறியோடு அதிகக் காற்றை இழுக்கும் பலமான கணினிக்கு இது இன்னும் அதிகம். வருடம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள்.

அக்கா மகளின் கணினி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தக்கலை நண்பரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். மறு ஞாயிற்றுக்கிழமை அவர் மார்த்தாண்டத்துக்கே வந்துவிட்டார். வீட்டுத் திண்ணையில் இரண்டு கணினிகளையும் பக்கம் பக்கமாக வைத்தோம். வாங்கிய பில்கள், வாரண்டி மீதி, பேட்டரியின் நிலை எல்லாம் பார்த்து, விலை வித்தியாசத்தை அவர் கொடுத்து, மாற்றிக்கொண்டார்கள். அவள் இப்போது 1.3 கிலோவோடு பஸ் ஏறுகிறாள். ஆட்டோகேட் வரைபடங்கள் சிரமமில்லாமல் ஓடுகின்றன. ரெவிட்டில் பெரிய மாதிரி வந்தால் திணறுகிறது, அதைக் கல்லூரி ஆய்வகத்தில் முடித்துக்கொள்கிறாள். பழக்கடைத் தராசில் இந்தமுறை யாரும் நிறுக்கவில்லை.

நண்பருக்கு வீடியோ மாற்றும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. எவர்சில்வர் தட்டு அடுக்களைக்குத் திரும்பிப்போனது. சென்ற மாதம் முட்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு அந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், விருந்து முடியும் முன்பே ஒரு சிறு வீடியோவைத் தொகுத்துத் திரையில் காட்டலாம் என்று. தொகுத்துக்கொண்டிருக்கும்போது மண்டபத்தில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர்காரர் டீசல் வாங்கப் போயிருந்தார். பேட்டரி 40 சதவீதம், 25, 11 என்று இறங்குவதைப் பார்த்தபடி அவர் எனக்குப் போன் செய்து, பழைய கணினி இந்நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அது அப்போது தக்கலையைத் தாண்டி ஏதோ ஒரு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது.